வேல்ஸ் நாட்டு வேளாண் கண்காட்சியில் இளம் தூதர்: என்ன பொறுப்பு, என்ன வேலை?

ஜூலை மாதப் பிற்பகுதியில், திங்கள் தொடங்கி வியாழன் வரை நான்கு நாள், வேல்ஸ் நாட்டு விவசாயக் குடும்பங்களின் பேச்செல்லாம் லானெல்வெத்தைச் சுற்றியே இருக்கும். பில்த் வெல்ஸ் என்ற சிறு நகரத்துக்கு எதிரே, வை ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஊர் அது. அங்கேதான் ராயல் வெல்ஷ் ஷோ என்னும் வேளாண் கண்காட்சி நடக்கிறது. சில ஆயிரம் பேர் வாழும் அந்தப் பகுதிக்கு நான்கு நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகிறார்கள். மாடு, செம்மறி, குதிரை, பன்றி, ஆடு என்று ஆயிரக்கணக்கான கால்நடைகள் போட்டிக்கு வந்து சேர்கின்றன.

அந்தக் கூட்டத்தில் கண்காட்சித் தலைவரின் பக்கத்தில் ஓர் இளையவர் நிற்பதைப் பார்க்கலாம். தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக ஒரு பட்டுப் பட்டை. காலையில் மாட்டுக் கொட்டகை, பிறகு பரிசளிப்பு, மதியம் அமைச்சர் ஒருவரோடு சாப்பாடு, மாலையில் தொலைக்காட்சிப் பேட்டி. அவர்தான் அந்த ஆண்டின் இளம் தூதர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அலங்காரப் பதவி போலத் தெரியும். உண்மையில் அந்தப் பட்டைக்குப் பின்னால் ஓர் ஆண்டு உழைப்பு இருக்கிறது. கண்காட்சியின் நான்கு நாள் அதன் கடைசிப் பகுதி மட்டுமே.

முதலில், கண்காட்சி என்றால் என்ன?

பொருட்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். கடைகளும் தின்பண்டங்களும் இங்கும் உண்டு. ஆனால் வேளாண் கண்காட்சியின் உயிர் போட்டியில் இருக்கிறது. நல்ல கிடா எது, நல்ல கறவை எது என்று ஊர் பார்க்க ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்வார். வெற்றி பெற்ற கால்நடையின் வம்சத்துக்கு விலை ஏறும். அடுத்த ஆண்டு யார் எந்தக் கிடாவை வாங்குவது என்பதை இந்தத் தீர்ப்பு தீர்மானிக்கும். நல்ல இனங்களைப் பெருக்கவும், புதிய உழவு முறைகளைப் பரப்பவும் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேல்ஸில் சங்கங்கள் உருவாகிவிட்டன. பிரெக்நாக்ஷயர் வேளாண் சங்கம் 1755-இல் தொடங்கியது. பெம்புரோக்ஷயர் சங்கத்தின் தொடக்கம் 1784.

நாடு முழுவதற்குமான கண்காட்சி பிற்பாடு வந்தது. 1904-இல் மேற்குக் கடற்கரை ஊரான அபரிஸ்த்வித்தில் முதல் கண்காட்சி நடந்தது. சில ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டு, பிறகு வடக்கும் தெற்குமாக ஆண்டுக்கோர் ஊர் என்று அலைந்தது. ஒவ்வோர் ஊரிலும் கொட்டகை போட்டுப் பிரிப்பது செலவு பிடித்த வேலை. மழை பெய்து மைதானம் சேறானால் அந்த ஆண்டு நட்டம்தான். 1963 முதல் லானெல்வெத்தில் நிலையான இடம் அமைந்தது. நாட்டின் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் வடக்கத்தியார், தெற்கத்தியார் இருவருக்குமே அது பொதுவான இடம்.

கண்காட்சி நடக்காத ஆண்டுகளும் உண்டு. 2001-இல் கோமாரி நோய் பிரிட்டன் முழுவதும் பரவியபோது லட்சக்கணக்கான கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டு கண்காட்சி கிடையாது. 2020, 2021 இரண்டிலும் கொரோனாவால் மைதானத்தின் கதவு திறக்கவில்லை. 2025-இல் நீலநாக்கு நோய்க் கட்டுப்பாட்டின் காரணமாக இங்கிலாந்திலிருந்து மாடுகளும் செம்மறிகளும் போட்டிக்கு வர முடியாமல் போயிற்று. கால்நடை நோய் என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே அங்கு ஏன் எல்லோர் முகமும் மாறுகிறது என்பதைத் தூதராக வருபவர் அறிந்திருக்க வேண்டும்.

மாவட்டத்தின் முறை

இளம் தூதர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டால், மாவட்டத்திலிருந்து என்பதே சரியான விடை. கண்காட்சி ஊர் ஊராகச் சென்ற காலத்தில் ஒவ்வொரு மாவட்டமும் அதைத் தன் வீட்டு விசேஷமாக நடத்தியது. நிலையான இடம் வந்தபின் அந்த உரிமை உணர்வு போய்விடக்கூடாது அல்லவா? அதனால் ஆண்டுக்கொரு மாவட்டம் கண்காட்சியின் பொறுப்பை ஏற்கும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படிக்காரர்கள் முறை வைத்துச் செலவை ஏற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முறைக்கார மாவட்டத்திலிருந்தே அந்த ஆண்டின் தலைவர் வருவார், தூதரும் வருவார். கண்காட்சிச் சங்கத்துக்காக அந்த மாவட்டம் நிதி திரட்டும். அந்த நிதியில் மைதானத்தில் நிலையாக ஏதாவது கட்டுவது, இருப்பதைச் சீர்செய்வது போன்ற வேலைகள் நடக்கும். 2024-இல் அந்த முறை கெரெடிகியோன் மாவட்டத்துடையது.

இங்கே பயன்படுத்தும் மாவட்டக் கணக்கு பழைய காலத்து எல்லைகளை ஒட்டியது. இன்றைய நிர்வாக வரைபடத்தில் தேடினால் சில பெயர்கள் கிடைக்காது. எல்லா மாவட்டங்களையும் சுற்றிவர ஒரு டஜன் ஆண்டுகள் ஆகும். இதை வயதோடு சேர்த்துப் பாருங்கள். தன் மாவட்டத்தின் முறை வந்தபோது பத்து வயதில் அப்பாவின் தோளோடு நின்று வேடிக்கை பார்த்த குழந்தைக்கு, அடுத்த முறை வரும்போது 22 வயது. அதை விட்டால் 34. ஆக, இளையவர் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் நெருங்கி வரும். சிலருக்கு வயதுக் கணக்கே ஒத்துவராது. கிடைத்தவர்கள் இதை ஏன் அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இந்தக் கணக்கே போதும்.

ராயல் வெல்ஷ் மட்டுமல்லாமல், மாவட்ட அளவிலும் ஊர் அளவிலும் நடக்கும் கண்காட்சிகள் பலவும் இளையவர்களைத் தூதராகத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே முறைக் கணக்கு கிடையாது. ஆண்டுதோறும் புதியவர் வருவார். அளவு சிறியது, வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

வயது வரம்பும் விதியும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். பொதுவாக பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ இருப்பவர்கள். விண்ணப்பம், பிறகு நேர்காணல். உழவோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும்: பண்ணையில் பிறந்தவர், கால்நடை மருத்துவம் படிப்பவர், தீவன நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர், வேளாண் செய்தியாளர். முழுநேர விவசாயியாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இவர்களில் பலரையும் உருவாக்கி அனுப்பும் இடம் இளம் விவசாயிகள் மன்றம். பத்து வயதிலிருந்து இருபதுகளின் பிற்பகுதி வரை உள்ளவர்கள் அதில் சேரலாம். கிராமப்புற வேல்ஸில் இளையவர்கள் வாரந்தோறும் கூடுவதற்கு இருக்கும் முக்கியமான இடமே அதுதான். நாடகம், பாட்டு, கயிறிழுத்தல், ரோமம் கத்தரித்தல், சமையல், பொதுப்பேச்சு என்று எல்லாவற்றிலும் போட்டி உண்டு. அதில் ஒரு போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு கால்நடைகளை நிறுத்திவிடுவார்கள். போட்டியாளர் அவற்றைப் பார்த்து, தொட்டு, முதலிடம் முதல் நான்காமிடம் வரை வரிசைப்படுத்த வேண்டும். அத்தோடு முடியாது. "இதை ஏன் முதலில் வைத்தேன், அதை ஏன் இரண்டாவதாக இறக்கினேன்" என்று நடுவர் முன் நின்று, கையில் தாளில்லாமல், ஓரிரு நிமிடத்தில் காரணம் சொல்ல வேண்டும். வரிசை தவறினாலும் காரணம் சரியாக இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண். பதினான்கு வயதில் இதைப் பழகிய பிள்ளைக்கு, இருபத்திரண்டு வயதில் அமைச்சர் முன்னால் நின்று கருத்துச் சொல்லக் கூச்சம் இருக்குமா?

நேர்காணலில் அழகோ உயரமோ பேச்சுக்கே வராது. உங்கள் பகுதி விவசாயிகளின் இன்றைய பெரிய சிக்கல் எது, நகரத்திலிருந்து வரும் பள்ளிக் குழந்தைக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வீர்கள், இந்த ஓராண்டில் ஊருக்காக என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்ற வகையில்தான் கேள்விகள் போகும்.

கண்காட்சிக்கு முந்தைய மாதங்கள்

இந்தப் பொறுப்பின் கனமான பகுதி இதுவே. நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் மாவட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் நடக்கும். டிராக்டர் ஊர்வலம் ஒன்று: பழைய டிராக்டரும் புதிய டிராக்டருமாக வரிசை கட்டிக் குறுகலான மலைப்பாதைகளில் செல்ல, ஓட்டுபவர் ஒவ்வொருவரும் கட்டணம் கட்டுவார். ஏர் உழவுப் போட்டி, நாய்களைக் கொண்டு செம்மறி மேய்க்கும் போட்டி, ஏலம், ஆண் பாடகர் குழுவின் கச்சேரி, தேவாலயத்தில் ஊரே கூடி நான்கு குரல்களில் பாசுரம் பாடும் மாலை, கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சி, அறுவடை விருந்து எனப் பட்டியல் நீளும். நவம்பர் இறுதியில் அதே லானெல்வெத் மைதானத்தில் குளிர்காலச் சந்தை வரும். 1990-இல் தொடங்கிய அந்தச் சந்தையிலும் தூதருக்கு வேலை உண்டு.

இவற்றில் தூதர் வந்து நின்று கைதட்டினால் மட்டும் போதாது. நுழைவுச் சீட்டு விற்பது, பரிசுக் குலுக்கலுக்குப் பொருள் கேட்டுக் கடைகடையாக ஏறி இறங்குவது, தேநீர்க் கோப்பை கழுவுவது, நன்றியுரை சொல்வது எல்லாம் அவர் தலையில்தான். பகலில் தன் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வந்து இதைச் செய்கிறார். பண்ணைக்காரராக இருந்தால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் செம்மறிகள் குட்டி போடும் காலம். இரவெல்லாம் கொட்டகையில் விழித்திருந்துவிட்டு, மறுநாள் மாலை குளித்து உடை மாற்றி ஊர்மன்றத்தில் மேடை ஏற வேண்டியிருக்கும்.

பணம் சேர்வதைவிடப் பெரிய விளைவு ஒன்றும் இந்த மாதங்களில் நிகழ்கிறது என்பது என் எண்ணம். மலைப்பண்ணை ஒன்றில் தனியாக வாழும் எழுபது வயதுக்காரர், பால்பண்ணை நடத்தும் இளம் தம்பதி, இறைச்சிக் கடைக்காரர், கால்நடை மருத்துவர், ஏலக்காரர் என்று மாவட்டத்தின் எல்லா வகை மனிதர்களோடும் அந்த இளையவர் உட்கார்ந்து பேசிவிடுகிறார். ஜூலையில் அவர் "எங்கள் மாவட்டம்" என்று வாய் திறக்கும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் முகங்கள் இருக்கின்றன.

அந்த நான்கு நாள்

ஒரு பரிசளிப்பை அருகிலிருந்து பார்ப்போம். செம்மறி வளையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை அங்கி அணிந்து வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் ஆட்டின் தாடைக்குக் கீழே கை கொடுத்துத் தலையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். நடுவர் ஒவ்வொன்றாக வருகிறார். வாயைத் திறந்து பல் பார்க்கிறார். முதுகெலும்பின் இருபுறமும் விரல்களை வைத்து அழுத்தி, சதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளக்கிறார். காலைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பேச்சே இல்லை. பிறகு ஒருவரைச் சுட்டி முன்னே அழைக்கிறார்.

தூதருக்கு இங்கே நுட்பமான வேலை. நடுவர் தலையசைக்கும்வரை வளையத்துக்குள் கால் வைக்கக்கூடாது. முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள். பிரிட்டனில் இதுவே வழக்கம். நிறம் மாறினால் வளையத்தைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கவனித்துவிடுவார்கள். ஆட்டின் பக்கவாட்டில் மெதுவாக அணுக வேண்டும், ரிப்பனை அதன் கண்ணுக்கு நேராக ஆட்டக்கூடாது, குதிரையாக இருந்தால் பின்பக்கம் போகவே கூடாது. நான்காம் இடத்தில் நிற்பவரிடமும் கை குலுக்கி இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஓராண்டு முழுக்க அந்த ஆட்டை வளர்த்தவர் அவர். எந்த ஆடு வென்றிருக்க வேண்டும் என்ற சொந்தக் கருத்து தூதருக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும், வாயைத் திறக்கக்கூடாது. நடுவரின் தீர்ப்பே இறுதி.

புதன்கிழமை வேறு மாதிரி. வெல்ஷ் காப் என்ற உள்ளூர்க் குதிரை இனத்தின் பொலிகுதிரைகள் பெரிய மைதானத்துக்கு வரும் நாள் அது. முழங்காலை உயர்த்தித் தரை அதிர ஓடும் குதிரையோடு, கடிவாளத்தைப் பிடித்தபடி மனிதர்களும் ஓடுவார்கள். சுற்றிலும் கூட்டம் எழுப்பும் ஆரவாரம் கால்பந்து மைதானத்தைத் தோற்கடிக்கும். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1908-இல் அளித்த கோப்பைக்கான போட்டி இது. வெல்ஷ் காப் வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

இடையிடையே வெளிநாட்டு விருந்தினர்களை வரவேற்பது, பள்ளிக் குழந்தைகளோடு நடப்பது, கடைக்காரர்களைச் சந்திப்பது, பேட்டி கொடுப்பது. பட்டையும் நல்ல உடையும் மேலே இருந்தாலும் காலில் சேற்றைத் தாங்கும் காலணி இருக்கும். கொட்டகைக்குக் கொட்டகை போகும்போது கையைக் கழுவுவதும் காலணியைச் சுத்தம் செய்வதும் ஒழுங்கு. நோய் அப்படித்தான் பரவும் என்பதால் இதில் தூதரே முன்னுதாரணமாக இருக்க வேண்டியவர்.

என்ன பேசுவது?

கண்காட்சிக்கு வரும் எல்லோரும் விவசாயிகள் அல்ல. வேல்ஸில் மனிதர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் செம்மறிகள் இருந்தாலும், பெரும்பாலான மக்கள் தெற்கின் நகரங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் நேரடியானவை. மாடு வளர்ப்பதால் பருவநிலை கெடுகிறதே? வரிப்பணத்தில் மானியம் ஏன்? ஆறுகள் ஏன் மாசுபடுகின்றன?

இன்னொரு பக்கம், விவசாயிகளின் கோபம். அரசின் புதிய மானியத் திட்டத்தில், பண்ணை ஒவ்வொன்றிலும் 10% நிலத்தில் மரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்மொழியப்பட்டது. 2024 பிப்ரவரி 28-இல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கார்டிஃபில் செனெத் எனப்படும் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். அடுத்த வாரம் அதன் படிக்கட்டுகளில் 5,500 ஜோடி ரப்பர் காலணிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அத்திட்டத்தால் போகக்கூடும் என்று மதிப்பிடப்பட்ட வேலைகளின் எண்ணிக்கை அது. அந்த ஆண்டு நவம்பரில் 10% நிபந்தனை கைவிடப்பட்டது. அவ்வளவு சூடான ஆண்டில் தூதராக இருப்பவர் என்ன பேசுவார்?

கட்சிப் பேச்சு அவருக்கு உரியதல்ல. அதற்கு விவசாயிகளின் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. அதற்காக வாய்மூடி நின்றாலும் பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகும். தான் அறிந்ததை, தன் வீட்டுப் பண்ணையில் நடப்பதைச் சொல்வதே நல்ல வழி. காசநோய்ப் பரிசோதனையில் ஒரு மாடு தேறாமல் போய், அதைக் கொல்ல வேண்டி வந்தால் அந்த வீட்டில் அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று ஒரு இளம்பெண் நிதானமாகச் சொன்னால், நூறு பக்க அறிக்கை செய்யாததை அது செய்யும். தனிமையும் மன அழுத்தமும் கிராமத்து இளைஞர்களை வாட்டுவது குறித்தும் தூதர்கள் இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். விவசாயிகளின் மனநலத்துக்காக 2016-இல் பெம்புரோக்ஷயரில் தொடங்கிய டிபிஜே அறக்கட்டளை போன்றவை வந்தபின் அந்தப் பேச்சுக்குக் கூச்சம் குறைந்திருக்கிறது.

மொழியும் இதில் சேர்த்தி. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் மொழி பேசுவோர் 17.8%. வேளாண்மை, காட்டுத்தொழில், மீன்பிடித்துறையில் வேலை செய்பவர்களிடையே 2011-இலேயே அது 43%. அந்த மொழி இன்னும் தொழில்மொழியாக வலுவாக வாழும் இடங்களில் வயலும் சந்தையும் முக்கியமானவை. கண்காட்சியின் அறிவிப்பெல்லாம் இரு மொழியிலும் வரும். வெல்ஷ் தெரிந்த தூதர் ஒரு முதியவரிடம் அவர் மொழியில் நலம் விசாரித்துவிட்டு, அடுத்த நிமிடமே ஆங்கிலத் தொலைக்காட்சிக்குத் திரும்புவார்.

ராணியிலிருந்து தூதருக்கு

இளம் விவசாயிகள் மன்றங்களில் ஆண்டுதோறும் ஒரு ராணியையும் தோழிப்பெண்களையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ராயல் வெல்ஷிலும் தூதர் பொறுப்பு பெண்களுக்கே உரியதாக வெகுகாலம் இருந்தது. இப்போது பல கண்காட்சிகளில் ஆண்களும் விண்ணப்பிக்கிறார்கள். இந்த மாற்றம் நல்லது. பழைய முறையில் வந்த பெண்கள் அலங்காரப் பொம்மைகளாக இருந்தார்கள் என்று சொல்வது மட்டும் தவறு. ஆண்களே குழு நடத்திய காலத்தில், இருபது வயதுப் பெண் ஒருத்தி தலைவரின் பக்கத்தில் நின்று மாவட்டத்தின் சார்பில் பேசக் கிடைத்த ஒரே வாசல் பலருக்கும் அதுவாகத்தான் இருந்தது.

வேல்ஸில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் வந்தால், நேராகத் தூதர் பட்டத்தை எண்ண வேண்டாம். இளம் விவசாயிகள் மன்றத்தில் சேரப் பண்ணையில் பிறந்திருக்கத் தேவையில்லை. ஊர்க் கண்காட்சிகளில் காய்கறி, கேக், கைவேலை, புகைப்படம் போன்ற பிரிவுகளில் யாரும் பெயர் கொடுக்கலாம். வளையத்தில் கேட் திறந்து மூடவும், போட்டி எண் அட்டைகளைக் கொடுக்கவும் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. சங்கத்தின் செயலாளரிடம் வசந்த காலத்திலேயே போய்க் கேட்டால், பெரும்பாலும் அன்றைக்கே ஒரு வேலை கொடுத்துவிடுவார்.